பழைய ஐஷர் டீசல் லாரிய சிஎன்ஜிக்கு மாத்தலாமா? குலசேகரம் - திருவனந்தபுரம் ஓட்டம்

ஏத்தன்லோடு:

அண்ணன்மாரே வணக்கம். நமக்கு ஒரு ஐஷர் உண்டு, பிஎஸ்-4 (பொகை விதி), 2018 மாடல், ஜிவிடபிள்யூ (லோடோட சேத்து மொத்த வெயிட்டு) பதினோரு டன் கிட்ட. குலசேகரம் திருவட்டார் பக்கம் தோட்டங்கள்ல இருந்து ஏத்தன் கொலை (நேந்திரன் வாழைத்தார்) ஏத்திட்டு திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்துக்கு (சந்தைக்கு) போறதுதான் மெயின் ஓட்டம், கொலை கொறஞ்ச மாசத்துல ரப்பர் ஷீட்டு, எப்பவாவது ஆரல்வாய்மொழி வழியா திருநெல்வேலிக்கு ஒரு லோடு. வாடகை கூட்டிக் கேட்டா வேற வண்டி நிக்குதுன்னு சொல்லுகாவ, டீசலுக்கு குடுத்துட்டு டிரைவர் பேட்டா போக கைல நிக்கியது ரொம்ப கொறவு. டியூ முடிஞ்சாச்சு அதனாலதான் வண்டிய விக்காம வச்சு ஓட்டுகேன்.

இப்ப ஒரு ஒர்க்‌ஷாப்புல சொல்லுகாவ, டீசல் இஞ்சினையே சிஎன்ஜி ஆக்கித் தாறோம், இஞ்சின பிரிக்கவே வேண்டாம், இன்ஜெக்டர கழத்திட்டு அந்த ஓட்டைல பிளக்கு போட்டா போதும், ரெண்டு நாள்ல வண்டி எடுத்துட்டு போலாம், சிலிண்டர் செகண்ட்ஸ்ல இருக்கு, ஆர்சி புக்கு பேப்பர் எல்லாம் பிறவு பாத்துக்கலாம்னு. வெலையும் நான் நெனச்சதுல பாதிதான். கேக்க நல்லாதான் இருக்கு ஆனா மனசு ஒப்பல. உண்மையிலேயே இப்டி மாத்த முடியுமா, மார்த்தாண்டம் தாண்டி களியக்காவிளை வரைக்கும் இருக்க ஏத்த எறக்கத்துல லோடோட இழுக்குமா, மைலேஜ் என்ன கிட்டும், சிலிண்டர் வெயிட்டுல எவ்ளோ லோடு போவும். தெரிஞ்சவிய வெவரமா சொல்லுங்க.

பம்ப்நாசில்:

தம்பி, முதல்ல அந்த ஒர்க்‌ஷாப்புல வண்டிய விடாதீங்க. இஞ்சின பிரிக்காம டீசல முழு கேஸ் ஆக்குறேன்னு ஒருத்தர் சொன்னா அவருக்கு வேலை தெரியல, இல்ல தெரிஞ்சே சொல்லுகாரு. ஏன்னு வெவரமா எழுதுறேன், கொஞ்சம் நீளும், பொறுமையா வாசிங்க.

டீசல் இஞ்சின்ல பிளக்கு கெடையாது. பிஸ்டன் காத்த 17ல ஒரு பங்கு, 18ல ஒரு பங்கா சுருங்குற அளவுக்கு அமுக்கும், அந்த அமுக்குல காத்து பழுக்க சூடாவும், அதுல டீசல பீச்சினா தானா பத்திக்கும். டீசல் 220 டிகிரி ஒட்டியே தானா பத்துற எண்ண. சிஎன்ஜிங்கறது அமுக்கி அடைச்ச இயற்கை வாயு, பெரும்பாலும் மீத்தேன், அது தானா பத்தணும்னா 540 டிகிரி கிட்ட வேணும். அதனால டீசல் மாதிரி வெறும் அமுக்குல பத்தாது, ஒண்ணு பிளக்கு வச்சு பொறி குடுக்கணும், இல்ல கொஞ்சம் டீசல பீச்சி அத வச்சு கேஸ கொளுத்தணும். வழி இந்த ரெண்டுதான்.

பிளக்கு போடுற வழில என்ன சிக்கல்னா, காத்தும் கேஸும் கலந்துதான் சிலிண்டருக்குள்ள போவுது, அத 17, 18ன்னு அமுக்கி பொறியும் குடுத்தா லோடுல நாக்கிங் வரும். ஏத்தத்துல லோடோட மிதிக்கும்போது உள்ள சுத்தியல் அடிச்ச மாதிரி சத்தம் கேக்கும், அப்டியே ஓட்டுனா பிஸ்டன் ரிங்கு லேண்டு ஒடையும், ஹெட் கேஸ்கட்டு போவும். அதனால கம்ப்ரஷன, அதாவது அந்த அமுக்குற அளவ, 11, 12 கிட்ட கொறைச்சே ஆவணும். அதுக்கு பிஸ்டன் மாத்தணும், இல்ல இருக்க பிஸ்டனோட குழிய கணக்கு பாத்து லேத்துல கடையணும், எல்லா பிஸ்டனும் ஒரே வெயிட்டு வரணும். இதுக்கு ஹெட்டு கழத்தாம எப்டி முடியும், ரெண்டு நாள்ல எப்டி முடியும், நீங்களே யோசிங்க.

அப்புறம் டீசல் இஞ்சின்ல காத்துக்கு கட்டுப்பாடே இல்ல, எவ்ளோ டீசல் பீச்சுறோமோ அவ்ளோ பவர், அவ்ளோதான். கேஸ் அப்டி இல்ல, காத்துல 5 சதவீதத்துல இருந்து 15 சதவீதத்துக்குள்ள கலந்தாதான் பத்தும், கூடினாலும் பத்தாது கொறஞ்சாலும் பத்தாது. அதனால காத்த அளந்து விடுற த்ராட்டில் பாடி புதுசா வேணும், ஆக்ஸிஜன் சென்சார் வேணும், கேஸ் இன்ஜெக்டர் வேணும், பிளக்குக்கு காயில் வேணும், இதையெல்லாம் ஓட்ட தனி ஈசிஎம் (இஞ்சின் கம்ப்யூட்டர்) வேணும். உங்க வண்டி பிஎஸ்-4 காமன் ரெயில், பழைய ஈசிஎம்முக்கு இன்ஜெக்டர் காணலன்னா உடனே எரர் அடிச்சு பவர கொறைச்சிரும், அத ஏமாத்துறதுக்கு ஒயர ஒட்டு போடுவாவ, மழைல அந்த ஒட்டு பூத்து வண்டி நடுரோட்டுல நிக்கும்.

வால்வு கதை இன்னும் முக்கியம். வெளி மாநிலத்துல மாத்தி, கை மாறி நம்ம ஊருக்கு வந்த ஒரு வண்டி ஸ்டார்ட்டிங் டிரபிள்னு வந்துது, காலைல ஒரு சிலிண்டர் வேலை செய்யாது, சூடானா செரியாவும். டாப்பெட் கவர கழத்தி ஃபீலர் கேஜ (கேப் அளக்குற தகடு) விட்டா எக்ஸாஸ்ட் பக்கம் கேப்பே இல்ல. ஹெட்ட எறக்கி பாத்தா வால்வு சீட்டு தேஞ்சு வால்வே ஹெட்டுக்குள்ள எறங்கி கெடக்குது, ஒரு வால்வோட ஓரம் வெள்ளையா வெந்து ஒரு எடத்துல பிறைநிலா கணக்கா தின்னு போயிருக்கு. கேஸ் காஞ்ச எரிபொருள், டீசல் மாதிரி எண்ணப்பசை கெடையாது, பொகைச் சூடும் கூட. அதுக்கு கெட்டியான சீட்டு இன்சர்ட்டும் அதுக்கேத்த வால்வும் போடணும், இஞ்சின் ஆயிலும் சாம்பல் கொறஞ்ச கேஸ் இஞ்சின் ஆயில்தான் ஊத்தணும். பாதி வெலைல மாத்துறவன் விடுறது இந்த எடத்தத்தான், ஏன்னா வண்டி டெலிவரி எடுக்கும்போது இது கண்ணுக்கு தெரியாது.

இழுவ பத்தி கேட்டீங்க. கேஸ் சிலிண்டருக்குள்ள காத்தோட எடத்த கொஞ்சம் பிடிச்சுக்கும், கம்ப்ரஷனும் கொறஞ்சாச்சு, அதனால நல்லா மாத்தின இஞ்சின்லயும் பத்து பதினஞ்சு சதவீதம் பவர் கொறையும்னு வச்சுக்குங்க. குழித்துறை ஏத்தத்துல ஒரு கியர் கூட கொறைக்க வேண்டி வரும்.

காவல்கிணறுரூட்:

நான் கம்பெனிலயே சிஎன்ஜியா வந்த லாரி ஓட்டுகேன், முதலாளி வண்டி. பம்ப்நாசில் அண்ணே சொன்னது அத்தனையும் கரெக்ட்டு, நான் ஓட்டுறவன் பக்கத்துல இருந்து ரெண்டு காரியம் சொல்லுதேன்.

மைலேஜ் கணக்க எல்லாரும் தப்பா போடுகாவ. ஒரு கிலோ சிஎன்ஜில இருக்க சூடு ஒரு லிட்டர் டீசல விட மூணுல ஒரு பங்கு கூடதான், அதனால டீசல்ல 6 ஓடினா கேஸ்ல 8 ஓடும்னு விக்கிறவங்க சொல்லுவாங்க. ஆனா பிளக்கு இஞ்சின் டீசல் இஞ்சின் மாதிரி சிக்கனம் கெடையாது, அந்த கூடுதல்ல பாதிக்கு மேல அங்கயே போயிரும். டீசல்ல லிட்டருக்கு 6 கிட்டுன வண்டில கிலோவுக்கு ஆறரைய வச்சு கணக்கு போடுங்க, அதுக்கு மேல கிட்டுனா லாபம்னு எடுத்துக்கலாம். உங்க ரூட்டு பங்க்குல போட்டிருக்க கிலோ வெலையும் டீசல் வெலையும் எழுதி கிலோமீட்டருக்கு என்ன மிச்சம்னு பாருங்க, கேரளாவுக்கும் நமக்கும் ரெண்டு வெலையும் வேற வேற.

அடுத்தது ஃபில்லிங். சிலிண்டர்ல 200 பார் பிரஷர்ல கேஸ் நிக்கணும். பைப்லைன் வந்து கம்ப்ரஷர் இருக்க மதர் ஸ்டேஷன்ல போட்டா முழுசா நெறையும். பைப்லைன் இல்லாத பங்க்குக்கு லாரில கேஸ்கேட்னு சிலிண்டர் அடுக்கு வச்சு கொண்டு வருவாவ, பிரஷர கூட்டுற பூஸ்டர் இல்லன்னா அந்த கேஸ்கேட்டுல பிரஷர் எறங்க எறங்க நம்ம சிலிண்டருக்கும் கொறச்சுதான் ஏறும், 140, 150லயே நின்னுரும், முன்னால நிக்கிற ஆட்டோ எல்லாம் இழுத்த மிச்சம்தான் லாரிக்கு. இன்னொண்ணு, வேகமா ஏத்தும்போது சிலிண்டர் சூடாவும், மீட்டர் 200 காட்டும், ராத்திரி போட்டு காலைல பாத்தா முள்ளு நல்லா எறங்கி நிக்கும். இது லீக்குன்னு பயப்பட வேண்டாம், சூடு ஆறினா பிரஷர் கொறையும். ஆனா உங்க கணக்குல அந்த எறங்குன முள்ளுதான் நெசமான டேங்கு.

நம்ம மாவட்டத்துல எந்த பங்க்குல லாரி உள்ள திரும்புற எடத்தோட கேஸ் உண்டு, எத்தன மணிக்கு கேஸ்கேட் வரும்ங்கறத வண்டி மாத்துறதுக்கு முன்னால நேர்ல போயி விசாரிங்க. கொலை லோடு விடியக்காலைல கம்போளத்துல எறங்கணும், கேஸுக்கு கியூல நின்னா பழம் வெலை போயிரும்.

ஏத்தன்லோடு:

ரெண்டு அண்ணன்மாருக்கும் ரொம்ப நன்றி. இவ்ளோ வெவரம் யாரும் சொல்லித் தரல. ஒரு சந்தேகம், சென்னைல கவர்மெண்டு பஸ்ஸையே டீசல்ல இருந்து சிஎன்ஜிக்கு மாத்தி ஓட்டுறாங்களே, அப்ப மாத்தலாம்தான? பிறவு பம்ப்நாசில் அண்ணே ரெண்டாவதா ஒரு வழி சொன்னீங்க, டீசலும் கேஸும் சேந்து எரியுறது, அது நமக்கு ஒத்து வருமா, அதுக்கு இஞ்சின் பிரிக்க வேண்டாமா?

பம்ப்நாசில்:

மாத்தவே கூடாதுன்னு நான் சொல்லல தம்பி. 2024ல சென்னை எம்டிசி (மாநகரப் போக்குவரத்துக் கழகம்) மாத்தின பஸ்ஸ ஓட்டிப் பாத்தாங்க, நெசம்தான். டெல்லில அதுக்கு ரொம்ப முன்னாலயே, 1998ல சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டு 2001 மார்ச் 31க்குள்ள பஸ் எல்லாம் சிஎன்ஜி ஆவணும்னாவ, இழுத்து இழுத்து 2002 கடைசிலதான் டீசல் பஸ் முழுசா நின்னுது. ஆனா அங்க ஒரே மாடல் இஞ்சின் நூத்துக்கணக்குல இருக்கு, அந்த இஞ்சினுக்குன்னே பிஸ்டன், கேம், ஈசிஎம் மேப்பிங் எல்லாம் செஞ்சு டெஸ்ட்டு பண்ணி அப்ரூவல் வாங்கின கிட்டு. ராத்திரி டிப்போவுல வந்து நிக்கும், கேஸ் அங்கயே, மெக்கானிக்கும் அங்கயே. ஒத்த வண்டி வச்சிருக்க நமக்கு அந்த வசதி கெடையாது, ஒரு கேஸ் இன்ஜெக்டர் போச்சுன்னா பார்ட்ஸ் வர்ற வரைக்கும் வண்டி ஒர்க்‌ஷாப்புல நிக்கும், வாடகை யாரு தருவா?

ரெண்டாவது வழிக்கு பேரு டூயல் ஃபியூல். இஞ்சின்ல கை வைக்க வேண்டாம், பிஸ்டன் அப்டியே, இன்ஜெக்டர் அப்டியே. காத்து போற குழாய்ல கேஸ கலந்து விடுவாவ, டீசல கொறைச்சு பீச்சி அந்த டீசல் பத்துற தீயில கேஸ் எரியும். கேஸ் தீந்தா முழு டீசல்ல ஓடும், நடுவழில நிக்காது, இது பெரிய வசதி. ஆனா எவ்ளோ டீசல் மிச்சமாவும்ங்கறது லோடு ஒரே சீரா இருக்கறதப் பொறுத்தது. ஐட்லிங்கிலயும் லேசான மிதிலயும் கேஸ் சரியா எரியாம பொகை வழியாவே வெளிய போயிரும், காசும் போவும், மீத்தேன் காத்துக்கும் கெடுதல், கார்பன் டை ஆக்சைட விட பல மடங்கு சூட்ட பிடிச்சு வைக்கும். முழு மிதில கேஸ் கூடிட்டா நாக்கிங். நடுவுல இருக்க லோடுலதான் நல்லா வேலை செய்யும். மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடில ஊர்ந்து, களியக்காவிளைல நின்னு, ஏத்தத்துல மிதிச்சு, எறக்கத்துல கால எடுத்துன்னு போற வண்டிக்கு அந்த நடு லோடு எங்க கிட்டுது?

ஐஸ்பிளாண்ட்:

டூயல் ஃபியூல் பத்தி பேச்சு வந்ததால எழுதுறேன். குளச்சல் பக்கம் ஐஸ் கம்பெனில ஜென்செட் (டீசல் ஜெனரேட்டர்) பாக்குற ஆளு நான், கரண்டு போனா கம்ப்ரஷர் நிக்கக் கூடாது, நின்னா கேன்ல ஐஸ் பிடிக்காது, மீன்பிடி போட்டு கரைக்கு வந்து ஐஸுக்கு நிக்கும். எங்க இஞ்சின் 1500 ஆர்பிஎம்ல நின்ன நெலைல ஒரே லோடுல ஓடும், பம்ப்நாசில் அண்ணே சொன்ன அந்த நடு லோடு எங்களுக்குத்தான் சரியா வரும். டெல்லி பக்கம் காத்து மாசுக்காக பெரிய ஜென்செட்டெல்லாம் 70 சதவீதம் கேஸ், 30 சதவீதம் டீசல்னு மாத்தணும், இல்ல பொகை கொறைக்கற கருவி மாட்டணும்னு 2023 அக்டோபர்ல இருந்து கட்டாயம் ஆக்கினாங்க. நம்ம பக்கம் கம்பெனி வாசலுக்கு கேஸ் பைப்பு வந்தா நான் முதல் ஆளா மாத்தச் சொல்லுவேன். முந்திரி ஆபீஸ், ரப்பர் பேக்டரி, கிரஷர் வச்சிருக்கவியளும் இத யோசிக்கணும், நம்ம மாவட்டத்துல டீசல் இஞ்சின் லாரில மட்டுமா ஓடுது? கேஸ் காத்த விட லேசு, லீக் ஆனா மேல போயிரும், எல்பிஜி மாதிரி தரையோட தங்காது, ஆனா கூரை மூடின ஷெட்டுல மேல சேந்து நிக்கும், அதனால உச்சில காத்து போற வழி வேணும், இத மறக்காதீங்க.

இன்னொண்ணு, சிலபேரு வீட்டு சமையல் சிலிண்டர வச்சு எஞ்சினுக்கு கேஸ் விடுறத பாத்திருக்கேன். தயவு செஞ்சு யாரும் செய்யாதீங்க. சட்டப்படி குத்தம்ங்கறது ஒருபக்கம், ரெகுலேட்டரும் ஹோஸும் அதுக்கு ஆனது இல்ல, கூட நிக்கிற ஆளு உசுரு போவும்.

புக்குபேப்பர்:

ஆர்டிஓ வேலைக்கு அலையுற ஆளுங்கறதால பேப்பர் பக்கம் மட்டும் சொல்றேன். "பிறவு பாத்துக்கலாம்"னு சொன்னாரு பாருங்க, அந்த ஒரு வார்த்தைக்கே அந்த எடத்த விட்டு எந்திரிச்சு வந்திரணும்.

எரிபொருள மாத்துறது மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவுல வர்ற மாற்றம். கிட்டுக்கு ஏஆர்ஏஐ மாதிரி டெஸ்ட் ஏஜென்சி குடுத்த டைப் அப்ரூவல் இருக்கணும், அதுவும் உங்க வண்டி ரகத்துக்கு செல்லணும், வேற மாடலுக்கு வாங்கின அப்ரூவல காட்டி இதுல மாட்ட முடியாது. 2022 ஆகஸ்ட்ல பிஎஸ்-6 வண்டிகளுக்கும் அனுமதி வந்துது, ஆனா அது 3.5 டன்னுக்கு கொறஞ்ச வண்டிக்குத்தான், அதுல டீசல் வண்டின்னா இஞ்சினையே எடுத்துட்டு கேஸ் இஞ்சின் வைக்கறது. உங்களது பிஎஸ்-4, பதினோரு டன், அதனால உங்க மாடலுக்கு அப்ரூவ்டு கிட்டு இருக்கான்னு சர்டிபிகேட் நம்பரோட எழுதி வாங்கி, வண்டில கை வைக்கறதுக்கு முன்னாலயே நாகர்கோவில் ஆபீஸ்லயோ மார்த்தாண்டத்துலயோ காட்டி கேளுங்க. ஆர்சில எரிபொருள் மாறணும், வெறும் வண்டி வெயிட்டு மாறணும். ஜிவிடபிள்யூ கூடாது, அதனால சிலிண்டர் எத்தன கிலோவோ அத்தன கிலோ லோடு உங்க கைல இருந்து போச்சு.

60 லிட்டர் ஸ்டீல் சிலிண்டர்ல ஒன்பது பத்து கிலோ கேஸ்தான் பிடிக்கும், சிலிண்டர் வெயிட்டு 60 கிலோவுக்கு மேல. ஒரு ஃபில்லிங்ல 250 கிலோமீட்டர் வேணும்னா நாலு சிலிண்டர், பிராக்கெட்டு சட்டம் எல்லாம் சேத்து 300 கிலோ கிட்ட ஆவும். அதுக்கு எத்தன கொலைன்னு உங்களுக்கே தெரியும்.

செகண்ட்ஸ் சிலிண்டர் வேண்டவே வேண்டாம். சிலிண்டர் கழுத்துல சீரியல் நம்பர், தயாரிச்ச மாசம், கடைசி டெஸ்ட்டு தேதி குத்தியிருக்கும். மூணு வருஷத்துக்கு ஒருக்க ஹைட்ரோ டெஸ்ட்டு கட்டாயம், பெசோ (மத்திய அரசோட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) அங்கீகாரம் உள்ள எடத்துல. நம்பர தேச்சிருந்தாலோ, மேல புது பெயிண்டு அடிச்சு எழுத்து தெரியாம இருந்தாலோ தொடக் கூடாது. 200 பார் உள்ள நிக்குது, நம்ம கடக்கரை உப்புக்காத்துல துரு பிடிச்ச சிலிண்டர் வெடிச்சா பக்கத்துல நிக்கிற ஆளும் மிஞ்சாது. இன்சூரன்ஸ்லயும் சிஎன்ஜின்னு எண்டார்ஸ் பண்ணணும், பண்ணலன்னா எந்த ஆக்சிடெண்டு ஆனாலும் கிளெய்ம தள்ளிவிடுறதுக்கு அவங்களுக்கு அது ஒரு காரணம் போதும். களியக்காவிளை தாண்டினா கேரளா செக்கிங்குல ஆர்சில டீசல், வண்டில கேஸ்னு நின்னா பிறவு வண்டி எடுக்க அலையணும்.

காவல்கிணறுரூட்:

எல்என்ஜி லாரியும் இப்ப வருது, அது இதே கேஸ -162 டிகிரிக்கு குளிர வச்சு திரவமா ஆக்குறது, சாதாரண கேஸா இருக்கறப்ப பிடிக்கிற எடத்துல 600ல ஒரு பங்கா சுருங்கும், அதனால தூர ஓட்டத்துக்கு நல்லது. கொச்சி புதுவைப்புல 2013ல இருந்து டெர்மினல் ஓடுது. ஆனா அது பெரிய டிரைலருக்கு, டெய்லி ஓடணும், நாள்கணக்குல நிறுத்திப் போட்டா உள்ள சூடாயி கேஸ் வெளிய போவும். ஏத்தன் கொலைக்கு அது வேண்டாம்.

என் கருத்து, இந்த ஐஷர டீசலாவே ஓட்டுங்க. அடுத்த வண்டி எடுக்கும்போது கம்பெனில இருந்தே சிஎன்ஜியா வர்றத பாருங்க, டாடா, ஐஷர், லேலண்ட் மூணு பேரும் போடுகாவ, இஞ்சின், சிலிண்டர், ஆர்சி எல்லாம் சேந்தே வரும், வாரண்டி உண்டு, லோன் குடுக்கவும் யோசிக்க மாட்டாவ. திருவனந்தபுரத்துல பங்க்கு இருக்கறதால உங்க ஓட்டத்துக்கு எறக்கிட்டு திரும்பும்போது போட்டுட்டு வரலாம், உங்க ரூட்டு சின்னது, அது கேஸுக்கு ஏத்த ரூட்டுதான்.

ஏத்தன்லோடு:

செரி அண்ணே, அந்த ஒர்க்‌ஷாப்புக்கு வேண்டாம்னு சொல்லியாச்சு. அப்ரூவல் நம்பர் கேட்டதுக்கு போன வச்சுட்டாவ. இந்த வண்டிய இன்னும் ரெண்டு மூணு வருஷமாவது ஓட்டணும், மைலேஜ் முன்ன மாதிரி இல்ல, ஏத்தத்துல கருப்பா பொகை தள்ளுது. டீசல்லயே என்ன செய்யலாம்?

பம்ப்நாசில்:

கருப்புப் பொகைன்னா டீசல் எரியாம வெளிய போவுது, உங்க காசுதான் அது. முதல்ல ஏர் ஃபில்டர கழத்தி தட்டி பாருங்க, தூசில ஓடுற வண்டில அது சீக்கிரம் அடையும். டர்போவுக்கு போற ரப்பர் ஹோஸ்லயும் இன்டர்கூலர் கிளாம்பிலயும் எண்ண ஈரம் இருக்கான்னு கை வச்சு பாருங்க, ஈரம் இருந்தா அங்க காத்து லீக் ஆவுது. அது ரெண்டும் செரின்னா இன்ஜெக்டர டெஸ்ட் பெஞ்சுல போட்டு ரிட்டர்ன் (திரும்பி வர்ற டீசல்) அளவு எடுக்கணும், ஒண்ணுல மட்டும் கூட வந்தா அத மட்டும் மாத்தினா போதும், எல்லாத்தையும் மாத்தச் சொன்னா ரிப்போர்ட்டு கேளுங்க. பிரேக்கு விடாம ஒட்டிப் பிடிக்குதான்னு டிரம்முக்கு கிட்ட கை கொண்டு போயி பாருங்க, ஒரு வீல் மட்டும் சூடா இருந்தா அதுவும் டீசல் குடிக்கும். டயர் காத்த லோடு ஏத்துறதுக்கு முன்னால செக் பண்ணுங்க, சூடான டயர்ல பாத்தா தப்பா காட்டும். இதெல்லாம் பாத்துட்டு என்ன வந்துதுன்னு இங்க எழுதுங்க, இன்ஜெக்டர் ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து போட்டா வாசிச்சு சொல்லுதேன்.